அறுந்தது அடிவார்தான்

ஆஸ்திரேலியாவின் வொலெமைக் காட்டுக்குள் அது மூன்றாம் நாள். காலை பத்து மணி வாக்கில் இடது காலில் ஏதோ தளர்ந்ததுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால், கெய்ட்டரின் அடிவார் அறுந்து பூட்ஸுக்குப் பின்னால் எலிவால் மாதிரி இழுபட்டு வந்துகொண்டிருக்கிறது. எத்தனை நேரமாக இப்படி என்று தெரியவில்லை. துணியில் ஒரு கீறல்கூட இல்லை. கடையில் எந்தத் துணியைக் காட்டி ‘இது கிழியவே கிழியாது’ என்றார்களோ, அது புதுசு போலவே இருந்தது. போனது பாதத்துக்கு அடியில் ஓடும் ஒரு விரல் அகல நாடா.

அடிவார் இல்லாத கெய்ட்டர் ஒவ்வோர் எட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். கணுக்கால் திறந்துகொள்ளும். மேலேயிருந்து உதிரும் குச்சி, விதை, மண் எல்லாம் அந்தத் திறப்புக்குள்தான் வந்து சேரும். அன்று எங்களுக்கு முன்னால் இருந்தது ஹேக்கியாப் புதர். இலை என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. கிளை முழுக்கக் கோணி ஊசி செருகி வைத்ததுபோல் இருக்கும். நாலு மணி நேரம் அதற்குள் நடந்தோம். சாயங்காலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து காலுறையை உருட்டி இறக்கினேன். வலது கால் சுத்தம். இடது கணுக்காலைச் சுற்றி முள்முனைகள் ஒடிந்து தோலுக்குள்ளேயே நின்றிருந்தன. ஊசியால் கிளறிக் கிளறி எடுத்ததில் 17.

அன்றைக்கு ராத்திரி கூடாரத்தில் படுத்தபடி யோசித்தது இன்றுவரை மாறவில்லை. கெய்ட்டர் வாங்கும்போது நாம் எல்லோரும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறோம். அது சாகிற இடம் வேறு எங்கோ இருக்கிறது. சாகிற இடத்தை முதலில் பார்த்து வாங்க வேண்டும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

கெய்ட்டர் என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: பூட்ஸின் மேல்விளிம்பை மூடிக்கொண்டு, கெண்டைக்காலைச் சுற்றி, முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை நிற்கும் உறை. முன்பக்கம் ஒரு கொக்கி பூட்ஸ் கயிற்றில் மாட்டிக்கொள்ளும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் ஒரு வார் அடியில் ஓடி, உறையைக் கீழே இழுத்துப் பிடிக்கும். அதைத்தான் அடிவார் என்கிறேன். மேலே ஒரு பட்டை இறுக்கிக்கொள்ளும். பனி விழும் நாடுகளில் பனி உள்ளே போகாமலிருக்க அணிகிறார்கள். ஆஸ்திரேலியாவில் முள்ளுக்காகவும் வெட்டுப்புல்லுக்காகவும் சேற்றுக்காகவும் அணிகிறோம். அரைக்கால் சட்டையும் கெய்ட்டரும்தான் இங்கே பழைய நடைக்காரர்களின் உடுப்பு. நான் முழுக்கால் சட்டைக்கு மேலேதான் மாட்டுவேன்.

எனக்கு இது முற்றிலும் புதிய பொருளாக இல்லை. நான் கம்பத்தில் வளர்ந்தவள். அப்பா ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார். விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறிப் போய் இருட்டியபின் இறங்குவார்கள். மழைக்காலத்தில் அப்பா சாக்குத்துணியை நீளமாகக் கிழித்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை சுற்றிச் சணலால் கட்டிக்கொள்வார். அதன்மேல் உப்பும் புகையிலைத் தூளும் கலந்து தேய்ப்பார். அட்டைக்காக. பிரிட்டிஷ் ராணுவத்தில் காலில் சுற்றும் துணிக்குப் ‘பட்டீஸ்’ என்று பெயர் வந்தது ‘பட்டி’ என்ற இந்திச் சொல்லிலிருந்துதான். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியச் சிப்பாய்களும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள். சிட்னியில் ஒரு கண்காட்சியில் அந்தப் பழைய துணிச்சுருளைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அப்பாவின் சாக்குத்துணிதான்.

சிட்னியின் மேற்குப் புறநகரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இங்கே காட்டு நடைக்கு ‘புஷ்வாக்கிங்’ என்று பெயர். 1927-இல் தொடங்கிய ‘சிட்னி புஷ் வாக்கர்ஸ்’ சங்கத்தோடு சேர்ந்து பரவிய சொல். 1930-இல் பேடி பாலின் என்பவர் தன் வீட்டிலேயே நடைக்கான பைகளும் கூடாரங்களும் தைத்து விற்கத் தொடங்கினார். அதுவரை இந்த ஊரில் அதற்கென்று கடையே கிடையாது எனலாம். அந்தக் காலத்து நடைக்காரர்கள் தங்கள் சாமான்களைத் தாங்களே தைத்துக்கொண்டவர்கள். அந்தப் பழக்கம் இன்னும் பழைய ஆட்களிடம் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். புதுச் சாமானைக் கையில் கொடுத்தால் முதலில் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்ப்பார்கள்.

செதுக்கிப் போட்ட பாதையில் நடப்பவர்களுக்கு இந்தப் பதிவு தேவைப்படாது. கணுக்கால் உயரத்துக்கு ஒரு சின்ன உறை இருந்தால் போதும். சரளைக்கல்லும் புல்விதையும் உள்ளே போகாது, விலையும் குறைவு. நான் சொல்வது பாதையை விட்டு விலகி, வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு முகடு பிடித்துப் போகும் நடை.

அந்த நடை 2020-க்குப் பிறகு இங்கே ரொம்பவே மாறிவிட்டது. 2019 அக்டோபர் கடைசியில் வொலெமைக்குள் மின்னலால் பிடித்த தீ, கோஸ்பர்ஸ் மவுன்டன் தீ என்று பெயர் வாங்கி, மூன்று மாதத்தில் 5 லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. எரிந்த அடுத்த மாதங்களில் அந்த முகடுகள் சுடுகாட்டுத் திடல் மாதிரி வெறிச்சென்று கிடந்தன. பிறகுதான் காடு திரும்பியது. ஹேக்கியாவின் காய் கட்டைபோல இறுகியிருக்கும். செடி தீயில் செத்தபின்தான் இரண்டாகப் பிளந்து விதையை விடும். வாட்டில் மரத்தின் விதையோ பல ஆண்டுகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து, தீயின் சூட்டில் ஓடு விட்டு முளைக்கும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் சீகை மரம் என்கிறோமே, வெள்ளைக்காரர் கொண்டுபோய் நட்டது, அதே இனம்தான். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில், கை நுழைய இடமில்லாமல் எழும்பின. முன்பு ஒரு மணி நேரத்தில் கடந்த முகட்டில் இப்போது மூன்று மணி நேரம் போகிறது. கருகிச் செத்த குச்சிகள் வேறு நடுவில் ஈட்டிபோல நிற்கும். தீக்கு முன்னால் ஐந்தாறு வருடம் ஓடிய கெய்ட்டர்கள் தீக்குப் பின் ஒரே பருவத்தில் கந்தலானதை எங்கள் குழுவில் பலரிடம் கண்டேன்.

சரி, துணி. சாகிற இடம் அது இல்லை என்றாலும் துணியைச் சும்மா விட முடியாது.

கடையில் அட்டையில் ‘1000 டீனியர்’ என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டீனியர். ஆக 1000 டீனியர் நூல் 9 கிலோமீட்டர் நீளம் எடுத்தால் ஒரு கிலோ இருக்கும். தேனி, கோவைப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நம் பஞ்சு நூலின் கவுண்ட் கணக்குக்கு இது தலைகீழ். அங்கே எண் கூடக் கூட நூல் மெலியும். இங்கே எண் கூடக் கூட நூல் தடிக்கும். தடம் விட்ட நடைக்கு, கணைக்கால் முன்பக்கத்திலும் கீழ்ப்பாதியிலும் 1000 டீனியர் நைலானுக்குக் குறைந்து எடுக்காதீர்கள். மேல்பாதியில் 500 இருந்தால் போதும்.

அல்லது கித்தான். சதுர கெஜத்துக்கு 12 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 400 கிராம் எடையுள்ள தடித்த கித்தான். என் மனம் கித்தான் பக்கம்தான். காரணம் ஹேக்கியா. அந்த ஊசி எந்தத் துணியையும் சில சமயம் துளைத்துவிடும். நைலான் துணியின் உள்ளே பூசியிருக்கும் நீர்புகாப் பூச்சில் துளை விழுந்தால் விழுந்ததுதான்; பத்து நடை போனபின் விளக்கில் பிடித்துப் பார்த்தால் சல்லடை. கித்தானில் ஊசி போனாலும் பஞ்சு நூல் விலகி வழிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்கிறது. அடுப்புத் தணலில் ஒரு பொறி பட்டால் நைலான் உருகி ஓட்டையாகும். கித்தானில் கறுப்புப் புள்ளி விழும், அவ்வளவுதான். குறை இல்லாமல் இல்லை. நனைந்தால் பாரம் ஏறும், காய ஒரு நாள் பிடிக்கும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பூக்கும். டாஸ்மேனியாவில் தெற்குக் கடற்கரைப் பாதை 85 கிலோமீட்டர் நடந்தபோது ஏழு நாளும் என் கித்தான் கெய்ட்டர் ஒரு தடவைகூட முழுசாகக் காயவில்லை. காலையில் அந்தக் குளிர்ந்த ஈரத் துணியைக் காலில் மாட்டும் நிமிடம் பிடிக்கவே பிடிக்காது. பத்து நிமிடம் நடந்தால் மறந்துபோகும்.

மழை உள்ளே வராமல், வியர்வை மட்டும் வெளியேறும் சவ்வுத் துணிகள் இருக்கின்றன. விலை இரட்டிப்பு. பனிமலைக்கு அது நல்லது. சிட்னிப் புதரில் அந்தச் சவ்வு இரண்டு நடைக்குள் குத்துப்பட்டு வேலையை நிறுத்திவிடும். அந்தப் பணத்தை வைத்து இரண்டு ஜோடி அடிவார் வாங்கலாம்.

திறக்கும் பக்கம் பற்றிக் கொஞ்சம். பழைய கெய்ட்டர்களில் பின்பக்கம் ஜிப் இருக்கும். மணலும் சேறும் ஏறியபின் ஜிப் ஒரு நாள் பாதியில் நிற்கும். நின்றால் காட்டில் அதற்கு மருந்து கிடையாது. இப்போது பெரும்பாலும் முன்பக்கம் இரண்டு அங்குல அகல வெல்க்ரோ. அகலம் குறைந்ததை வாங்க வேண்டாம். வெல்க்ரோவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒவ்வொரு டிச் பட்டன் இருக்க வேண்டும். புதர் கீழேயிருந்துதான் பிரிக்கத் தொடங்கும். அந்தக் கீழ்ப்பட்டன் அதைத் தடுக்கும். இன்னொன்று, மூடும் மடிப்பின் விளிம்பு உங்கள் காலின் வெளிப்பக்கம் பார்த்துப் பின்னோக்கி முடிகிறதா என்று பாருங்கள். முன்னோக்கித் திறந்திருந்தால் ஒவ்வொரு குச்சியும் அதை நெம்பிக்கொண்டே போகும். வெல்க்ரோவுக்குள் புல்விதை அடைந்தால் பழைய சீப்பு ஒன்று போதும், சுத்தமாக வாரி எடுத்துவிடலாம்.

அளவை மாலையில் எடுங்கள், கால்சட்டையோடு சேர்த்து. மேல்பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் சரிந்து இறங்கும். இறுக்கமாக இருந்தால் ஏற்றத்தில் கெண்டைக்கால் கடுக்கும். உயரம் கூடி முழங்கால் மடிப்பில் இடித்தால் பாறை ஏறும்போது தொல்லை. மேலே இறுக்கச் சுருக்குக் கயிறும் பொத்தானும் வைத்ததைவிடத் தட்டையான பட்டையும் பக்கிளும் வைத்தது மேல். தொங்கும் கயிறு எதையாவது கொக்கி போட்டு இழுக்கும்.

இப்போது அடிவார்.

சிட்னியைச் சுற்றியுள்ள மலையெல்லாம் மணற்கல். 20 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஆற்று மணல் இறுகிப் பாறையானது. கையால் தேய்த்தால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அந்த உப்புத்தாளில் நம் உடல் எடையும் முதுகுப்பை எடையும் சேர்ந்து நாள் முழுக்க அடிவாரை அழுத்தித் தேய்க்கிறோம். இது தாங்கினால்தான் கெய்ட்டர் தாங்கியதாக அர்த்தம்.

நான் உபயோகித்துப் பார்த்தவற்றைச் சொல்கிறேன். நைலான் நாடா முதலில் பஞ்சாகும், பிறகு அறுகும். மணற்கல்லில் நான்கைந்து நாள். அன்று வொலெமையில் அறுந்தது இதுதான். எஃகுக் கம்பி வடம் எளிதில் அறுகாது. ஆனால் பாறையில் கால் வைக்கும்போது வழுக்குகிறது, ஒவ்வோர் இழையாக விட்டுப்போகும்போது கையைக் குத்துகிறது. தோல் வார் நல்ல நண்பன், ஈரத்தில் மட்டும் நீண்டுவிடுகிறான், காய்ந்தபின் விறைத்துக்கொள்கிறான். எல்லாவற்றையும்விட அதிகம் உழைத்தது, நடுவில் நெய்த துணியும் இரு பக்கமும் தடித்த ரப்பரும் வைத்து அழுத்திய பட்டை. ரப்பர் தேய்ந்து துணி தெரியும்போது மாற்றும் நேரம் வந்துவிட்டதென்று கண்ணுக்கே தெரிகிறது. எச்சரிக்கை கொடுக்காமல் அறுகிற வார்களைவிட இது எவ்வளவோ உசத்தி.

எந்த வாரானாலும், அது கெய்ட்டரோடு சேர்த்துத் தைத்துவிட்டதாக இருக்கக் கூடாது. இரு முனையும் பக்கிளிலோ திருகாணியிலோ கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும். தேய்வது நிச்சயம் என்கிற ஒரு பாகத்தை மாற்ற முடியாதபடி தைத்து விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பக்கிள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். உள்பக்கம் இருந்தால் மறுகாலில் மாட்டும். வாரின் மீதி முனை பின்னோக்கிப் போக வேண்டும்.

பூட்ஸும் இதில் பங்காளி. குதிகால் தெளிவாகப் படி இறங்கி, நடுவில் ஆழமான பள்ளம் உள்ள பூட்ஸ் என்றால் வார் பள்ளத்துக்குள் பதுங்கிக்கொள்ளும். சிட்னிப் பள்ளத்தாக்குகளில் இறங்குபவர்கள் ‘டன்லப் வாலி’ என்ற பழைய டென்னிஸ் காலணியைத்தான் விரும்பிப் போடுவார்கள். ஈரப் பாறையில் அதன் பிடிப்புக்கு ஈடில்லை. ஆனால் அடி தட்டை. வார் ஒதுங்க இடமில்லாமல் முழுத் தேய்ப்பும் அதன் தலையில் விழும். தட்டை அடி போடுகிறவர்கள் உதிரி வார் ஒன்று பையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மில்லிமீட்டர் கயிறு இரண்டு மீட்டரும், ஒரு சாண் சைக்கிள் டியூபும் எப்போதும் வைத்திருப்பேன். கயிற்றை டியூபுக்குள் கோத்து அடியில் ஓட்டிக் கட்டினால் இரண்டு நாள் தாங்கும்.

அறுந்த ஜோடியை அடுத்த டிசம்பரில் ஊருக்குக் கொண்டுபோனேன். இங்கே பழுதுபார்க்கக் கேட்ட இடத்தில், புதுசு வாங்குவதே மலிவு என்றார்கள். கம்பத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் குடை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து செருப்புத் தைக்கிறார். அவரிடம் நீட்டினேன்.

“என்னா தாயி இது, மாட்டுக்குப் போடுறதா?”

“காலுக்குண்ணே. காட்டுல நடக்கையில முள்ளு குத்தாம இருக்க.”

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுந்த நாடாவை இரண்டு பக்கமும் இழுத்தார். பிறகு, நாடா உறையோடு சேரும் இடத்தைக் கட்டைவிரலால் நெருடினார். “இது அந்து போகாம இருந்தாலும் இங்கிட்டுப் பிஞ்சிருக்கும். ஒரே கோட்டுல தையலைப் போட்டு வச்சிருக்கான் பாரு. ஊசித் தொளையெல்லாம் வரிசையா நின்னா இழுக்கையில அப்படியே கிழிச்சுக்கிட்டு வரும்ல?”

அவர் சொன்னபின்தான் பார்த்தேன். துளைகள் தபால்தலை ஓரம்போல வரிசையாக நின்றிருந்தன. அடுத்த இழுப்புக்குக் காத்திருந்தன. எட்டு வருடம் கெய்ட்டர் போட்டவள், அதுவரை அங்கே பார்த்ததே இல்லை.

வாருக்கு அவர் எடுத்தது அரவை மில்லில் ஓடித் தேய்ந்த பெல்ட். உள்ளே கித்தான், வெளியே ரப்பர். கத்தியால் ஒரு பக்கம் சீவி மெல்லிசாக்கி, ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கினார். உறையின் இரு பக்கமும் கித்தான் துண்டு வைத்து, மெழுகு நூலால் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் பெருக்கல் குறியும் போட்டார். வாரைத் தைக்காமல் பக்கிளில் மாட்டும்படி கேட்டேன். “அதான் சரி, தேய்ஞ்சா நீயே மாத்திக்கலாம்” என்றார். மூன்று வருடமாகிறது. வாரை ஒரு தடவை மாற்றியிருக்கிறேன். அவர் கூடவே கொடுத்தனுப்பிய அதே பெல்ட் துண்டிலிருந்துதான். அந்தச் சதுரத் தையலில் ஒரு நூலும் விடவில்லை.

இப்போது கடைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது மூன்று இடங்கள்: வார் சேரும் மூலை, முன்கொக்கி பதிந்திருக்கும் இடம், மேல்பட்டை தொடங்கும் இடம். கொக்கி உலோகமா, அதற்குப் பின்னால் இரண்டாவது துணி இருக்கிறதா, இரட்டைத் தையலா என்று பார்ப்பேன். கணைக்கால் முன்பக்கத்தில் குறுக்குத் தையல் எத்தனை என்று எண்ணுவேன். அங்கே தையல் ஓடினால் குச்சி அந்த நூலைத்தான் முதலில் அறுக்கும். துணி நூறு டாலர் பெறும், மீதி பத்து டாலர் பெறாது என்கிற கெய்ட்டர்கள் நிறைய இருக்கின்றன.

பாம்பைப் பற்றி அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். இங்கே பழுப்புப் பாம்பு, புலிப்பாம்பு, செவ்வயிற்றுக் கறுப்புப் பாம்பு எல்லாம் பார்த்திருக்கிறேன். எல்லாமே எனக்கு முன் விலகிப் போயிருக்கின்றன. ஆஸ்திரேலியா முழுவதிலும் பாம்புக்கடியால் சாகிறவர்கள் சராசரியாக ஆண்டுக்கு இரண்டு பேர்தான். பழுப்புப் பாம்பின் விஷம் கொடியது, ஆனால் பல் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். தடித்த கித்தான் காலோடு ஒட்டாமல் கொஞ்சம் விலகி நின்றால் அந்தப் பல்லுக்கு அது பெரிய தூரம். 2009-இல் அமெரிக்காவில் கிலுகிலுப்பைப் பாம்பை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். மனிதக் கைபோலச் செய்த உறைமேல் ஜீன்ஸ் துணி சுற்றியபோது, உள்ளே சென்ற விஷம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஜீன்ஸுக்கே அப்படி. ஆனாலும் கெய்ட்டர் கவசம் என்று நினைத்து யாரும் காலை அசட்டையாக வைக்கக் கூடாது. டைப்பான் போன்றவற்றின் பல் நீளம், முழங்காலுக்கு மேல் துணியும் இல்லை. பையில் இரண்டு அகலமான எலாஸ்டிக் கட்டுத்துணிகள் இருந்தே ஆக வேண்டும். கடித்த இடத்தைக் கழுவாமல், விரல்களிலிருந்து மேல்நோக்கிக் கால் முழுவதும் இறுக்கிச் சுற்றி, குச்சி வைத்துக் கட்டி, ஆளை அசையவிடாமல் உதவி கூப்பிடுவது இங்கே முறை. 1970-களின் கடைசியில் ஸ்ட்ருவான் சதர்லாந்து என்ற மருத்துவர் மெல்போர்னில் உருவாக்கியது. இது இங்குள்ள பாம்புகளுக்கு; நம் ஊர் விரியன் கடிக்குப் பொருந்தாது. ஊரில் கடித்தால் எதையும் இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழி.

அட்டைக்குக் கெய்ட்டர் அரை மருந்துதான். பூட்ஸ் நாக்கின் இடுக்கில் நுழைந்துவிடும். வால்பாறைப் பக்கம் விற்கும் நெருக்கி நெய்த நீள அட்டைச் சாக்ஸ் இதைவிட எவ்வளவோ மேல்; மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்கள் கெய்ட்டருக்குச் செலவழிக்கும் முன் அதை வாங்குங்கள். உண்ணியும் அப்படித்தான், கெய்ட்டரின் வெளிப்பக்கமாகவே மேலே ஏறி வரும். கிழக்குக் கடலோர உண்ணி கடித்த சிலருக்கு அதன்பின் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி சாப்பிட்டால் ஒவ்வாமை வருவதைச் சிட்னி மருத்துவர் ஷெரில் வான் நூனன் 2009-இல் எழுதிய கட்டுரை உலகுக்குக் காட்டியது. ராத்திரி படுக்குமுன் இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் தடவிப் பார்ப்பது என் வழக்கம்.

கம்பத்திலிருந்து தைத்த கெய்ட்டரோடு திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் அதைத் தனியாக எழுதிக்கொடுத்துக் காட்டினேன். காட்டில் நடந்த காலணியும் உறையும் கொண்டுவந்தால் சொல்லியாக வேண்டும். அந்த அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு தையல் ஓரம், வெல்க்ரோ மடிப்பு எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார். நான் ஊரிலேயே பல் தேய்க்கும் பிரஷ் வைத்துக் கழுவியிருந்தேன். அவர் தேடியது ஒரு சிட்டிகை மண்ணை.

அந்தச் சிட்டிகை மண்ணுக்குள் என்ன இருக்கலாம் என்று தெரிந்தால் அவரோடு யாரும் சண்டை போடமாட்டார்கள். பைட்டாப்தோரா சின்னமோமி என்று ஒரு நீர்ப்பூசண வகை. 1922-இல் சுமத்ராவில் இலவங்கப்பட்டை மரத்தில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். வேரைத் தின்று மரத்தை நின்றபடியே காய வைக்கும். பேங்க்சியா, புல்மரம் என்று எத்தனையோ ஆஸ்திரேலியச் செடிகளுக்கு அதனிடம் தடுப்பே இல்லை. ஈரமண் பூட்ஸிலும் கெய்ட்டரிலும் ஒட்டிக்கொண்டுதான் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. 1994-இல் டேவிட் நோபல் என்ற காட்டுக் காவலர் வொலெமையின் ஒரு பள்ளத்தாக்கில் வொலெமை பைன் மரங்களைக் கண்டார். உலகத்தில் இல்லை என்றே நினைத்திருந்த பழங்குலத்து மரம். இயற்கையாக நிற்பவை நூற்றுக்கும் குறைவு. இடத்தை ரகசியமாக வைத்தார்கள். 2005-இல் அங்கேயும் இந்தப் பூசணத்தைக் கண்டார்கள். அனுமதியில்லாமல் போன யாரோ ஒருவரின் காலில் போயிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள்.

எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு கலங்கும். நாம் முள்ளிலிருந்து கால் தப்ப வேண்டும் என்று கட்டும் உறை. அதன் அடி மடிப்பில் அரை ஸ்பூன் சேறு நின்றுவிடுகிறது. அதனால் கெய்ட்டர் தேர்ந்தெடுக்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்கிறேன். உள்பக்கம் வீண் மடிப்புகளும் பைகளும் இல்லாதது, தலைகீழாகத் திருப்பிக் கழுவ முடிவது, அடிவிளிம்பில் எலாஸ்டிக்குக்குள் மண் புகாதது. நடை முடிந்ததும் கார் பக்கத்திலேயே பிரஷ் போட்டுத் தேய்த்து, 70 சதவீத ஸ்பிரிட் தெளித்துக் காயவிட்டுத்தான் பைக்குள் போடுவேன். வீட்டில் மறுபடி தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுவேன். சோப்பு வேண்டாம், கித்தானின் மெழுகு போய்விடும். எங்கள் குழுவில் எழுபது தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். நடைக்கு வரும் புதியவர்களின் கெய்ட்டரை அவரே வாங்கி அடிமடிப்பை விரித்துப் பார்ப்பார். மண் இருந்தால் அங்கேயே உட்கார வைத்துத் தேய்க்கச் சொல்வார். அவர் அப்படிச் செய்வதை முதல் தடவை பார்த்தபோது கடுமையாகத் தோன்றியது. இப்போது நானும் அவர் பக்கத்தில் பிரஷோடு நிற்கிறேன்.

இதை எழுதும்போது அந்தக் கம்பத்து ஜோடி பின்கட்டுக் கொடியில் தொங்குகிறது. வலது கெய்ட்டரின் வாரில் ரப்பர் தேய்ந்து கித்தான் வெள்ளையாகத் தெரியத் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மறுபடி வொலெமை, நான்கு நாள். பெல்ட் துண்டில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருக்கிறது. இன்று ராத்திரி உட்கார்ந்து நறுக்கி மாட்ட வேண்டும்.